சவரிமுத்துவின் பெயரை அச்சில் ஏற்றியவன்

1

நான் கோட்டைக்குப்பத்தைவிட்டுப் புறப்பட்டபோது அங்கே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவருக்கும் இப்போது கண் போய்விட்டதாகக் கேள்வி. இன்றைக்கு நம் குப்பத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்கிறார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் கொஞ்சம் உரக்க வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் கேட்கவேண்டும், முக்கியமாக என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள்.

கொழும்புக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. அச்சுக்கூடத்தில் தமிழ் எழுத்துக் கோக்கிற வேலை. காலையில் மணி அடித்ததும் உள்ளே போனால் மறுபடி மணி அடிக்கும்வரை ஈய எழுத்துகளை அறையறையாக இருக்கும் பெட்டியிலிருந்து பொறுக்கிச் சட்டத்தில் அடுக்கவேண்டும். ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பிய எழுத்து. ஜெபம், வேதபாடம், கடவுளின் பத்துக் கற்பனை, ஞாயிறு வாசகம் எல்லாம் என் விரல்வழியாகத்தான் போகின்றன. சாயங்காலம் விரல் நுனி கறுத்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை.

இங்கே பேட்டையில் இருக்கிற தமிழர்கள் வேறு கரைக்காரர்கள். முதல் வருடம் நான் "இன்னா" என்று வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று பதிவேடு எழுதுகிறவர் தகப்பன் பெயர் கேட்டார். "எங்க நைனா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். அப்பாவின் பெயர் சூசை, நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா என்று அர்த்தம் என்று மூன்று முறை நடந்துபோய்ச் சொன்னேன். மை காய்ந்தபிறகு திருத்துவதற்கு வேறொரு அலுவலர் உத்தரவு வேண்டுமாம். இன்றுவரை நான் நைனா மகன் அருளப்பன்தான்.

நேற்று காதர் பாயின் தோணி வந்தது. பழவேற்காட்டு மரைக்காயர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு வருடா வருடம் தை மாதம் வருகிற மாலுமி அவர். ஊரில் ஐப்பசி கடைசியில் நடந்ததை நான் தெரிந்துகொள்வது தையில்தான். இந்த முறை அவர் கொண்டுவந்த செய்திக்காக நான் ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்தேன். என் தங்கை மரியாள் தன் இஷ்டப்படி வாழ முடியுமா முடியாதா என்பது அந்தச் செய்தியில் இருந்தது. அவளைக் கட்டிப்போட்டவன் நான். இங்கே உட்கார்ந்தபடியே, ஒரே ஒரு தாளை வைத்து.

2

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது வளர்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கச் சாமியார்கள் கரையைவிட்டுப் போன காலத்திலிருந்து குப்பத்தில் ஜெபம் சொல்வது எங்கள் வீட்டு ஆண்கள். புத்தகம் கிடையாது, ஓலை கிடையாது. நைனாவுக்கு எல்லாம் வாய்ப்பாடம். சங்கை எடுத்து ஊதினார் என்றால் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து மணலில் உட்காருவார்கள். நைனா ஒரு வரி சொல்ல, ஜனம் ஒரு வரி சொல்லும். மூக்கடைப்பு இருந்தால் மூக்கடைப்போடு சொல்வார். முந்தின நாள் யாரோடாவது சண்டை போட்டிருந்தால் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் பொறுப்பதுபோல" என்கிற இடத்தில் அவர் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஜனம் சிரிக்கும்.

ஐப்பசிக் கடைசியில் வருகிற ஆத்துமாக்கள் நாளில் மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள். கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயரை அன்றைக்குத்தான் கூப்பிடுவது. உடல் கரையொதுங்கினால் மண் போட்டு முடித்துவிடலாம். ஒதுங்காதவனுக்கு மூன்று வருடம் பெயர் கூப்பிடவேண்டும். முதல் வருடம் முகத்துவாரம்வரை கேட்கிறமாதிரி உரக்க. இரண்டாம் வருடம் பேசுகிற குரலில். மூன்றாம் வருடம் உதட்டுக்குள்ளே, பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

நாலாம் வருடம்தான் முக்கியம். பெயர் வரவேண்டிய இடத்துக்கு வந்ததும் நைனா நிறுத்துவார். ஒரு மூச்சு விடுவார். பெயரைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த ஒரு மூச்சில் அந்தப் பெண் எழுந்து வெளியே போய் ஏரியில் காலை நனைத்துவிட்டு வருவாள். "வுட்டாச்சு" என்பார்கள் ஜனங்கள். அன்றிலிருந்து அவளை யாரும் கட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கட்டினால் அவன் ஏறுகிற படகில் வேறு ஆள் ஏறமாட்டான். கூப்பிடப்படுகிறவன் வந்து படகின் விளிம்பைப் பிடிப்பான் என்று பயம்.

மூடநம்பிக்கை என்று இங்கே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பழவேற்காட்டுக் கடலில் படகேறியவன், எனக்குச் சிரிப்பு வராது.

3

மரியாளின் புருஷன் சவரிமுத்து புரட்டாசியில் ஒரு விடியற்காலை இரண்டு பேரோடு கட்டுமரம் ஏறினான். காற்று திரும்பிவிட்டது. மற்ற இருவர் உடலும் கிடைத்தன. அவன் உடல் கிடைக்கவில்லை. அப்போது மரியாளுக்கு இருபத்திரண்டு வயது, பிள்ளை இல்லை. அந்த ஐப்பசியில் நைனா மருமகன் பெயரை உரக்கக் கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்து வீட்டுக்கு வந்து படுத்தவர் அதிகம் எழுந்து நடமாடவில்லை. சித்திரையில் போய்விட்டார்.

நைனாவுக்குப்பின் கூப்பிடவேண்டியவன் நான். நான்தான் இங்கே எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேனே. நைனா இருந்தபோதே எங்கள் அச்சுக்கூடத்து ஜெபப்புத்தகம் ஒன்றை ஊருக்கு அனுப்பியிருந்தேன், மகன் கோத்த எழுத்தை அவர் தடவிப் பார்க்கட்டுமே என்று. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணெ வாசனெ வருது" என்று மட்டும் சொன்னாராம்.

நைனா இடத்துக்கு ஒல்லாந்தர் அனுப்பி ஒரு வாத்தியார் வந்தார். தெற்கத்தி ஆள், சாதுவான மனிதர், ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை என்கிறார் காதர் பாய். சங்குக்குப் பதில் கம்பத்தில் மணி கட்டினார். நான் அனுப்பிய புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதிலிருந்தே வாசித்தார். ஒல்லாந்தர் வேதத்தில் செத்தவர்களுக்கு ஜெபம் கிடையாது. புத்தகத்திலும் கிடையாது. அந்த ஐப்பசியில் சவரிமுத்துவின் பெயர் கூப்பிடப்படவில்லை. மரியாள் போய்க் கேட்டாள். "புஸ்தகத்துல இல்லையேம்மா" என்றார் வாத்தியார், உண்மையான வருத்தத்தோடு.

கூப்பிடாத வருடம் சேர்த்தியில்லை. இரண்டாம் கூப்பாடு வரவில்லையென்றால் மூன்றாவதும் வராது, விடுவதும் வராது. காதர் பாய் மூலம் அவள் சொல்லியனுப்பினாள்: "அண்ணாத்தே, நீதானே புஸ்தகம் பண்றே. அவரு பேர அதுல போடு. ராயப்பன் கீறாரு, காத்துக்கினு கீறாரு."

ராயப்பனை உங்களுக்குத் தெரியும். பெண்டாட்டி பிரசவத்தில் போய், இரண்டு பெண் குழந்தைகளோடு ஏரியில் கைத்தடவலாக நண்டு பிடிக்கிறவன். மரியாளும் இறால் தடவப் போவாள். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தடவுகிறவர்கள் என்னத்தைப் பேசிக்கொள்ள முடியும்? எப்படியோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

4

எங்கள் மேற்பார்வைக்காரருக்குத் தமிழ் எழுத்தின் அழகு தெரியும், அர்த்தம் தெரியாது. புத்தகத் தாள் அளவிலேயே ஒரு தாள், அதே எழுத்து, அதே ஓரக்கோடு. தலைப்பு: கடலில் போனவர்களுக்கான விண்ணப்பம். நைனா சொல்கிற வரிகளை ஞாபகத்திலிருந்து கோத்தேன். பத்தாவது வரியில், "கோட்டைக்குப்பத்துச் சவரிமுத்துவை நினைத்தருளும் ஆண்டவரே." மத்தியான இடைவேளையில் ஒரே ஒரு பிரதி அழுத்தி எடுத்து, எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். பிடிபட்டிருந்தால் வேலை போயிருக்கும். அன்று ராத்திரி சோறு ருசியாக இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். தங்கைக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வாத்தியார் தாளைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அச்சல்லவா! புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டார். அந்த ஐப்பசியில் வாசித்தார். அடுத்த ஐப்பசியிலும் வாசித்தார். முதல் தடவை எந்தக் குரலோ அதே குரல். எழுத்து சின்னதாகவில்லையே, அவர் குரல் மட்டும் எப்படிச் சின்னதாகும்? ஆனாலும் நைனாவின் ஒன்றையும் சேர்த்து மூன்று ஆகிவிட்டது. வரப்போகிற ஐப்பசியில் விட்டுவிடுவார்கள், ராயப்பன் புதுக் கூரை போட்டிருக்கிறான் என்று காதர் பாய் செய்தி கொண்டுவந்தார்.

அந்த ஐப்பசி வந்தது. மரியாள் எழுந்து போகத் தயாராக வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் பத்தாவது வரிக்கு வந்தார். சவரிமுத்துவின் பெயரை வாசித்தார்.

5

என் தப்பு என்னவென்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னொரு தை மாதம் வரவேண்டியிருந்தது.

பெயர் வருகிற இடத்தை வெற்றாக விட்டிருக்கலாம். யார் பெயர், எந்த வருடம், எப்போது நிறுத்துவது என்பதை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது தோன்றவேயில்லை. எழுத்துக் கோக்கிறவனுக்கு வரிக்கு நடுவில் வெற்றிடம் இருந்தால் அது பிழை. அதை அடைக்கத்தான் எனக்குச் சம்பளம். மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கீழே ஒரு வரி போட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை, ஏனென்றால் நைனா அப்படி ஒரு வரி சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நிறுத்துவார், அவ்வளவுதான்.

மரியாள் வாத்தியாரிடம் அழுதிருக்கிறாள். "நான் வாசிக்கிறவன்தாம்மா. அச்சுல கீறதுல ஒரு எழுத்தைக் கூட்டவோ கொறைக்கவோ எனக்கு அதிகாரம் ஏது?" என்று அவரும் கண்கலங்கியிருக்கிறார். நம் ஊர்ப் பேச்சு அதற்குள் அவர் வாயிலும் ஏறிவிட்டது போல.

சவரிமுத்துவின் தாய் வேறு ஒரு பக்கம். அவள் மகன் பெயர் புத்தகத்தில் ஏறியிருக்கிறது! குப்பத்தில் வேறு யாருக்குக் கிடைத்தது? ஆத்துமாக்கள் நாள் போதாதென்று அந்தத் தாளை மாதம் ஒரு தடவை வாசிக்கச் சொன்னாளாம், வாத்தியார் வாசித்தாராம். பிள்ளைகளுக்கு வாசிப்புப் பாடமும் அதுவே. "எம் மவன் பேர எடுக்கறவ எவ?" என்று மரியாளைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. பெற்றவளுக்கு அந்தப் பெயரைவிட்டால் வேறென்ன மிச்சம்?

வாத்தியாருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினேன். தாளை எடுத்துவிடுங்கள், அதை அடித்தவன் நான்தான், இன்ன காரணம் என்று விவரமாக. மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்: கையெழுத்துக் கடிதத்தை நம்பி அச்சிட்ட ஜெபத்தைக் கிழிக்க மனம் துணியவில்லை, மன்னிக்கவேண்டும். கையெழுத்து யாருடையதாகவும் இருக்கலாமாம். அச்சுக்குக் கை கிடையாது என்று நினைக்கிறார். என் கறுத்த விரலை அவர் பார்த்ததில்லை.

6

போய்வருவதுதான் வழி. நான் போய் நின்று, நைனாவின் இடத்தில் நின்று, அந்த வரியில் நிறுத்தி ஒரு மூச்சு விட்டால் போதும். வாத்தியாரும் மறுக்கமாட்டார்.

கொழும்பைவிட்டுக் கப்பலேற அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டு கொடுக்கிற இடத்தில் காரணம் கேட்டார்கள். தகப்பன் சாவு, தாய் சாவு, சொத்துப் பாகம் என்று மூன்று காரணங்கள் ஏட்டில் இருக்கின்றன. தங்கை புருஷனின் பெயரைச் சொல்லாமல் இருக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? தகப்பன் சாவு என்றேன். ஏட்டைப் புரட்டி, "நைனா என்பவர் செத்ததாகத் தாக்கல் வரவில்லை" என்றார் குமாஸ்தா. சூசை செத்ததற்கு என்னிடம் காகிதம் இருந்தது. நைனா செத்ததற்கு இல்லை. இரண்டு வருடம், ஐந்து மனு. கடைசி மனு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது என் மகன் தானியேல் கேட்டான். பத்து வயது, ஒல்லாந்தப் பள்ளிக்கூடம். உதடு அசையாமல் கண்ணாலேயே வாசிக்கிற பிள்ளை. ஜெபம் சொல்லு என்றால் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பான்; சொல்லிவிட்டாயா என்று கேட்டால் "ஓம், முடிஞ்சுது" என்பான்.

"அப்பா, அத்தையும் அந்த மாமாவும் இங்க வந்தா என்ன? இங்க ஒருத்தருக்கும் அந்தப் பேர் தெரியாதே."

நல்ல யோசனை என்றாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லியனுப்பினேன். மரியாள் திருப்பிச் சொல்லியனுப்பினாள்: "ராயப்பன் தண்ணிமேல வரணுமே. என்னெக் கட்டப்போறவன எவன் தோணியில ஏத்துவான்?" பத்து வயதுப் பிள்ளைக்கு அதை விளக்கப் பார்த்தேன். என் தமிழ் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைச் சொல்ல எனக்கு ஒல்லாந்தம் போதவில்லை.

7

போன தை மாதம் கடவுள் கண் திறந்தார் என்றே நினைத்தேன்.

உப்புக்காற்றில் தாள் நைந்துவிட்டது, பூச்சி வேறு அரித்துவிட்டது. புதுப் பிரதி வேண்டுமென்று வாத்தியார் அச்சுக்கூடத்துக்கு விண்ணப்பம் எழுதி, பழைய தாளையும் வைத்து அனுப்பியிருந்தார். தமிழில் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். நான் அடித்த தாள் என் முன்னால் கிடந்தது. பத்தாவது வரியின்மேல் மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை. சவரிமுத்துவின் தாய் தினமும் விரல் வைத்துத் தடவியிருக்கவேண்டும்.

மறுபடி கோத்தேன். முதல் வரியிலிருந்து ஒன்பதாவது வரிவரை அப்படியே. பத்தாவதில், "கடலில் போன எல்லாரையும் நினைத்தருளும் ஆண்டவரே." பெயர் இல்லை. மூன்று பிரதி எடுத்தேன், ஒன்று தொலைந்தால் ஒன்று இருக்கட்டும் என்று. பழைய தாளை அடுப்பில் போட்டேன். பாவமா என்று யோசித்தேன். பாவமென்றால் என்மேல் இருக்கட்டும். தாள்களைக் காதர் பாய் கையில் கொடுத்து, வாத்தியாரிடம் ஐப்பசிக்குள் சேர்க்கச் சொன்னேன். வாத்தியார் அச்சில் இருப்பதைத்தான் வாசிப்பார். இந்த முறை அச்சு எங்கள் பக்கம்.

நேற்று தோணியிலிருந்து இறங்கியதும் காதர் பாய் என் முகத்தைப் பார்க்காமல் சரக்கை எண்ணிக்கொண்டிருந்தார். நான் தோளைத் தொட்டபிறகுதான் திரும்பினார்.

"வாசிச்சாரா பாய்?"

"வாசிச்சாரு. நான் வெளியேதான் குந்திக்கினு தோணிப் பாய் தெச்சிக்கினு இருந்தேன். ராயப்பனும் எம்பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். புதுத் துணி கட்டிக்கினு வந்திருந்தான், பாவம்."

"பேரு?"

"அவரு சொல்லலப்பா. நீ எழுதினமாதிரியேதான் வாசிச்சாரு, 'கடலில் போன'ன்னாரு. அதுக்குள்ள ஜனம் முந்திக்கிச்சு. 'கோட்டைக்குப்பத்துச் சவரிமுத்துவை'ன்னு மொத்தக் கூட்டமும் சொல்லுது. அந்தாளு மூஞ்சிகூடப் பாக்காத புள்ளைங்க எல்லாம் கத்துது. மாசத்துக்கு ஒருதரம் கேட்ட பாடமாச்சே, தாளு எதுக்கு அதுங்களுக்கு? வாத்தியாரு திகைச்சு நின்னுட்டாரு."

ராயப்பன் என்ன செய்தான் என்று கேட்டேன். பறியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டானாம். மறுவாரம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அங்கே யாரோ ஒருத்தியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு.

"மரியா இன்னா சொல்லிச்சு?" என்றேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த "இன்னா" தானாக வந்தது.

காதர் பாய் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாளு சரியாத்தான் வந்துச்சுன்னு ஒன்னாண்ட சொல்லச் சொல்லிச்சு. ஒம்மேல கொறை இல்லியாம். 'எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொல்ல, எம்வாயும் தானா சொல்லிடுச்சு அண்ணாத்தே'ன்னு சொல்லச் சொல்லிச்சு."